சின்ன ஊரின் கழிவுநீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் புதுக்கோட்டைச் சீமையில் ஒரு சின்ன ஊராட்சி. 400 வீடு, 1,600 பேர், ஒரு ஊருணி, ஒரு கண்மாய். ஐந்து வருடம் வார்டு உறுப்பினராக இருந்தேன். அந்த ஐந்து வருடமும் என் வாசலுக்கு அதிகம் வந்த புகார் சாக்கடைதான். பதவி முடிந்த பிறகும் கேள்விகள் நிற்கவில்லை. பக்கத்து ஊர்களிலிருந்தும் போன் செய்து கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு, கொத்தனாரோடும் குழி வெட்டுகிறவர்களோடும் கூட நின்று நான் கற்றதை இங்கே எழுதி வைக்கிறேன்.

சிமெண்ட் வாய்க்கால் கட்டித் தண்ணீரைத் தெருவை விட்டு வெளியேற்றிவிட்டோம். இதற்கு மேல் சுத்திகரிப்பு எதற்கு?

அந்த வாய்க்காலோடு கடைசி வரை ஒரு நாள் நடந்து பாருங்கள். எங்கள் ஊரில் அது ஊருணியில் போய் முடிந்தது. என் மாமியார் கல்யாணமாகி வந்த காலத்தில் குடிக்கத் தண்ணீர் மொண்ட ஊருணி அது.

கணக்குப் போட்டால் விஷயம் புரியும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு. 1,600 பேருக்கு 88,000 லிட்டர். அதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக, ஏறக்குறைய 60,000 லிட்டர், பாத்திரம் கழுவி, குளித்து, துணி துவைத்துத் திரும்ப வெளியே வருகிறது. 12,000 லிட்டர் லாரியில் ஐந்து லாரி. தினமும் ஐந்து லாரி சோப்புத் தண்ணீரை ஊருணியில் கொட்டினால் என்ன ஆகும்? எண்ணெயையும் சோற்றையும் மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்று தீர்க்கும். மீன் செத்து மிதக்கும். சோப்புத்தூளில் வரும் பாஸ்பரஸைத் தின்று ஆகாயத்தாமரை கரை வரை மூடும். எங்கள் ஊருணிக்கு இரண்டும் நடந்தது.

வீடுகளில் குழாய் வராத காலத்தில் குடம் தூக்கி வந்த தண்ணீரைக் கணக்காகத்தான் செலவழித்தோம். வீட்டுக்குள் குழாய் வந்தது பெரிய நிம்மதி, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே வரும் தண்ணீருக்குத் திட்டம் போட்டவர்கள் வெளியே போகும் தண்ணீருக்கும் போட்டிருக்க வேண்டும்.

குடிநீர்க் குழாய் வாய்க்காலுக்குள்ளேயே போகிறது. அதனால் என்ன?

இதை உடனே சரிசெய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். நம் ஊர்களில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. காலையில் ஒரு மணி நேரம் விட்டு நிறுத்துகிறோம். நிறுத்தியதும் குழாய்க்குள் அழுத்தம் போய்விடும். எங்காவது ஒரு கீறலோ தளர்ந்த ஜாயிண்டோ இருந்தால், வெளியே நிற்கும் சாக்கடை உள்ளே இழுக்கப்படும். மறுநாள் காலை முதலில் வருவது அந்தத் தண்ணீர்தான். எங்கள் கீழத்தெருவில் ஒரே வாரத்தில் பல வீடுகளில் வயிற்றுப்போக்கு வந்தபோது, ஊராட்சிச் செயலரும் நானும் குழாயைப் பிடித்துக்கொண்டே போனோம். ஒரு வீட்டு இணைப்பு வாய்க்காலின் அடியில் சேற்றுக்குள் கிடந்தது. ஜாயிண்டில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். குழாயை வாய்க்காலுக்கு மேலே தூக்கிக் கிளாம்ப் அடித்துக் கொடுத்தோம். ஒரு நாள் வேலை.

கழிவுநீர் எல்லாம் ஒன்றுதானே? ஏன் பிரித்துப் பேசுகிறீர்கள்?

இதை ஒன்றை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டால் போதும் என்பேன். வீட்டிலிருந்து வெளியேறுவது இரண்டு வகைத் தண்ணீர். அடுப்படி, குளியல், துவைகல் தண்ணீர் ஒன்று. அதிகாரிகள் அதைச் சாம்பல் நீர் என்பார்கள். கக்கூஸ் தண்ணீர் மற்றொன்று. அதைக் கருப்பு நீர் என்பார்கள். முதலாவது அளவில் அதிகம், ஆபத்தில் குறைவு. இரண்டாவது அளவில் கொஞ்சம், ஆனால் காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகளும் குடற்புழு முட்டைகளும் அதில்தான் வரும்.

குடம் பாலுக்குத் துளி விஷம் என்பது இங்கே அப்படியே பொருந்தும். தனித்தனியே இருக்கும்வரை முதலாவதைக் கொல்லை வாழைக்கு விடலாம், இரண்டாவதை ஒரு சின்னக் குழிக்குள் அடக்கலாம். கலந்துவிட்டால் 60,000 லிட்டரும் கக்கூஸ் தண்ணீர் ஆகிவிடும். அதைச் சுத்தம் செய்யப் பணமும் இயந்திரமும் ஆளும் வேண்டும். ஆகவே, செப்டிக் டேங்க் வழியும் குழாயைத் தெரு வாய்க்காலில் விடுகிற வீடு ஊர் முழுவதின் வேலையையும் கெடுக்கிறது. வீடு கட்டும்போது இரண்டுக்கும் தனித்தனிக் குழாய் போடச் சொல்லுங்கள். கூடுதலாக ஆவது இரண்டு மூன்று நீளம் பைப், அவ்வளவுதான்.

எங்கள் மண் தண்ணீரை இழுக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அடுப்படி, குளியல் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழியை வெட்டப்போகிற இடத்தில், குழியின் அடி வரப்போகிற ஆழத்துக்குப் போய், கைப்பிடிக் கடப்பாரையால் ஒரு சாண் அகலத்தில் சின்னப் பள்ளம் எடுங்கள். முதல் நாள் இரவு தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். மறுநாள் அரை அடி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு குச்சியில் கோடு போட்டு நட்டு, ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 30 நிமிடத்துக்குள் இறங்கினால் உறிஞ்சு குழிக்கு ஏற்ற மண். 30 முதல் 60 நிமிடம் என்றால் குழியை விட, ஆழமில்லாத நீள வாய்க்காலாக வெட்டி ஜல்லி நிரப்புவது நல்லது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் அந்த மண்ணை நம்பாதீர்கள். இது செப்டிக் டேங்குக்கான இந்தியத் தரநிலை சொல்லும் சோதனைதான். ஒரு குச்சியும் கடிகாரமும் போதும்.

ஊருக்கு ஒரு மண் என்று நினைக்காதீர்கள். எங்கள் ஊரில் மேலத்தெரு செம்மண், ஊற்ற ஊற்ற இழுக்கும். கண்மாய்ப் பக்கம் களி. ஊற்றியது மறுநாளும் அப்படியே நிற்கும்.

வீட்டு உறிஞ்சு குழி எப்படி வெட்டுவது?

நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு மூன்றேகால் அடி நீளம், அதே அகலம், அதே ஆழம். அதாவது ஒரு கன மீட்டர். அடியில் தலையளவு கல், அதன் மேல் கையளவு கல், மேலே பெருஜல்லி. உடைந்த செங்கல்லும் போடலாம், ஆனால் வெந்தது வேண்டும். பச்சைச் செங்கல் கரைந்து சேறாகும். மேல் அடுக்கின் நடுவில், அடியில் ஓட்டை போட்ட மண்பானை ஒன்றை வைத்து அதற்குள் தேங்காய் நாரைத் திணிக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் அந்தப் பானைக்குள் விழ வேண்டும். மேலே தென்னங்கீற்றோ பழைய சாக்கோ விரித்து மண் மூடிவிட்டால் வெளியே தண்ணீர் தெரியாது. கொசு உட்கார இடமில்லை.

கல் நிரப்பிய குழியில் காலியிடம் பாதிக்கும் குறைவு. ஆயிரம் லிட்டர் குழி என்றாலும் 400 லிட்டர்தான் பிடிக்கும். ஒரு வீட்டின் ஒரு நாள் தண்ணீர் 150 லிட்டர் அளவில் இருக்கும் என்பதால் இது தாராளம். ஆழமாக வெட்டினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். மண்ணின் மேல் அடுக்குகளில்தான் காற்றும் நுண்ணுயிரும் அதிகம். தண்ணீரைச் சுத்தம் செய்வது அவைதான். கல் சும்மா இடம் பிடித்து வைத்திருக்கிறது.

வீட்டு அஸ்திவாரத்தை விட்டுத் தள்ளி வெட்டுங்கள். பொது இடங்களில், குறிப்பாகத் தெருக்குழாய், மேல்நிலைத் தொட்டி அடியில், நூறு நாள் வேலைத் திட்டத்தில் நிறைய உறிஞ்சு குழிகள் வெட்டப்பட்டன. சில ஊர்களில் நன்றாக வேலை செய்கின்றன.

வெட்டி ஆறு மாதத்தில் அடைத்துக்கொண்டது. ஏன்?

எங்கள் வீட்டுக் குழியே முதலில் அடைத்துக்கொண்டது. மேல்மண்ணை ஒதுக்கிப் பானையைத் தூக்கினேன். அது தூக்க முடியாத கனம். தேங்காய் நார் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் மெழுகு மாதிரி ஒரு கட்டி. அதில் சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை, ஒரு ஷாம்பு பாக்கெட்டின் மூலை, எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு நீளமான தலைமுடி. நாற்றம் குடலைப் புரட்டியது. ஆனால் பானைக்குக் கீழே இருந்த கல் சுத்தமாக இருந்தது. நார் தன் வேலையைச் செய்திருந்தது. நான்தான் அதை மாற்றாமல் விட்டுவிட்டேன்.

அன்று முதல் குழிக்கு முன்னால் ஒரு சின்னத் தொட்டி வைத்தேன். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, உள்ளே நடுவில் ஒரு தடுப்பு. எண்ணெய் மேலே மிதந்து நிற்கும், பருக்கை அடியில் தங்கும், நடுத்தண்ணீர் மட்டும் தடுப்புக்கு அடியில் புகுந்து குழிக்குப் போகும். வாரம் ஒரு முறை கரண்டியால் அள்ளி எருக்குழியில் போடுகிறோம். நாரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறோம். குளியலறைக் குழாய் வாயில் சல்லடை மூடி போட்டால் முடி வராது. இந்தத் தொட்டி இல்லாத உறிஞ்சு குழியை நான் இப்போது யாருக்கும் சொல்வதில்லை. அடுப்படித் தண்ணீர் வரும் இடத்தில் இது கட்டாயம்.

குழி வேண்டாம், வாழைக்கே விட்டுவிடலாமா?

தாராளமாக. நம் பாட்டிமார் புழக்கடையில் வாழையும் சேம்பும் கல்வாழையும் வைத்ததே இதற்குத்தான். இடம் இருக்கும் வீட்டுக்கு இதுவே முதல் வழி. ஒரே இடத்தில் தேங்க விடாமல், வாழைக்கு இரண்டு நாள், தென்னைக்கு இரண்டு நாள் என்று வாய்க்காலை மாற்றி மாற்றி வெட்டி விடுங்கள். சோப்புத்தூளில் சோடியம் அதிகம். ஒரே இடத்தில் விட்டுக்கொண்டே இருந்தால் மண் இறுகி உவர் பூக்கும். பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லி, வெள்ளரிக்கு வேண்டாம். கைக்குழந்தையின் மலத்துணி அலசிய தண்ணீரைக் கக்கூஸில் ஊற்றுங்கள், தோட்டத்துக்கு விடாதீர்கள்.

கக்கூஸுக்கு 15 அடி ஆழத்தில் உறை இறக்கினால் ஆயுசுக்கும் நிரம்பாது என்கிறாரே கொத்தனார்?

நிரம்பாதது உண்மையாக இருக்கலாம். ஏன் நிரம்பவில்லை என்று கேளுங்கள். அடி மூடாத சிமெண்ட் உறைகளை ஒன்றன் மேல் ஒன்றாக 15 அடிக்கு இறக்கினால் அது உறைக்கிணறு. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் ஏறும்போது அது அந்தக் கிணற்றுக்குள் வந்துவிடும். மலம் நேராக நிலத்தடி நீரில் கலந்து போகிறது, அதனால்தான் நிரம்பவில்லை. அதே கொல்லையில் 20 அடி தள்ளிப் போர் போட்டு, அந்தத் தண்ணீரைக் குடிக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

கிருமி மட்டும் அல்ல. மலமும் சிறுநீரும் மண்ணில் நைட்ரேட்டாக மாறும். குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரம். தாண்டிய தண்ணீரில் பால்பவுடர் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாயும். காய்ச்சினால் நைட்ரேட் போகாது, இன்னும் கெட்டிப்படும்.

குழியின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் நடுவில் குறைந்தது 2 மீட்டர் ஈரமில்லா மண் இருக்க வேண்டும். கிணறு, போர், அடிபம்பிலிருந்து குறைந்தது 10 மீட்டர், அதாவது 33 அடி, தள்ளியிருக்க வேண்டும். மணல் பாங்கான இடத்திலும், பாறை வெடித்த இடத்திலும் இன்னும் தள்ளிப் போங்கள்.

கொத்தனாரைக் குறை சொல்வதில் பயன் இல்லை. வீட்டுக்காரர் கேட்பது நிரம்பாத குழி. அவர் அதைக் கொடுக்கிறார். கேட்பதை நாம் மாற்ற வேண்டும்.

இரட்டைக் குழிக் கக்கூஸ் எப்படி வேலை செய்கிறது?

மூன்றேகால் அடி விட்டம், அதே அளவு ஆழத்தில் இரண்டு குழி. நடுவில் குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி. சுவரில் செங்கல்லை இடைவிட்டு, தேன்கூடு மாதிரி அடுக்குவார்கள். அடியில் சிமெண்ட் போடக் கூடாது. கக்கூஸிலிருந்து வரும் குழாய் ஒரு சின்னத் தொட்டியில் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரியும். ஒரு வழியைக் கல் வைத்து அடைத்துவிட்டு ஒரு குழியை மட்டும் பயன்படுத்துவோம். தண்ணீரும் வாயுவும் பக்கத்து மண்ணுக்குள் போய்விடும், ஆகவே புகைக்குழாய் கூடத் தேவையில்லை. திடப்பொருள் மட்டும் தங்கும்.

ஓர் ஆளுக்கு ஆண்டுக்குத் தங்குவது ஏறக்குறைய 40 முதல் 50 லிட்டர். ஐந்து பேர் வீட்டில் முதல் குழி நிரம்ப மூன்று வருடம் ஆகும். நிரம்பியதும் கல்லை மாற்றி வைத்து அடுத்த குழிக்குத் திருப்பிவிட வேண்டும். நிரம்பிய குழியை மூடி இரண்டு வருடம் தொடக் கூடாது. அதற்குள் கிருமி செத்து, புழு முட்டையும் செத்து, எல்லாம் மண்ணாகிவிடும். 1970-ல் சுலப் அமைப்பைத் தொடங்கிய பிந்தேஷ்வர் பாடக் இந்த வகைக் கக்கூஸை நாடு முழுக்கக் கொண்டு சேர்த்தவர். மனிதர் கையால் மலம் அள்ளும் வேலை ஒழிய வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

இதில் குளிக்கிற தண்ணீரைச் சேர்த்தால் முடிந்தது கதை. குழி எந்நேரமும் ஊறிக்கொண்டே இருக்கும், மக்காது. கக்கூஸுக்குச் சரிவான பீங்கான் வாங்கினால் ஒரு தடவைக்கு 2 லிட்டர் தண்ணீர் போதும்.

இரண்டு வருடம் கழித்து அதை யார் அள்ளுவது? அருவருப்பாக இருக்காதா?

எங்கள் ஊரில் முதலில் திறந்தது என் அத்தாச்சி வீட்டுக் குழி. "யாரையாவது வெளியூர் ஆளைக் கூப்பிடு, நம்ம கையால தொடக் கூடாது" என்று அத்தாச்சி வாசலிலேயே நின்றுகொண்டார். அந்த வேலைக்கு யாரைக் கூப்பிடுவார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் நானே மண்வெட்டி எடுத்தேன்.

மூடியைத் தள்ளியதும் மழை பெய்த தோட்டத்து வாசம்தான் வந்தது. உள்ளே காப்பித்தூள் நிறத்தில் பொலபொலவென்ற மண். இரண்டு மண்புழு. ஒரு சட்டி அள்ளி அத்தாச்சி கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார், விரலால் நெரித்துப் பார்த்தார். "இதுவா அது?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கி, தென்னைக்குப் பாத்தி கட்டி அவரே போட்டார். ஏழெட்டுச் சட்டி வந்தது.

பேசிப் புரிய வைக்க நான் இரண்டு வருடம் முயன்றேன். அந்தச் சட்டி அரை மணி நேரத்தில் முடித்தது. உங்கள் ஊரில் முதல் குழி திறக்கும்போது ஊரைக் கூட்டுங்கள்.

ஏற்கனவே செப்டிக் டேங்க் கட்டிவிட்டோம். அது போதாதா?

டேங்க் பாதி வேலைதான் செய்கிறது. கனமானது அடியில் தங்கும், எண்ணெய்ப்பசை மேலே ஆடையாக மிதக்கும், நடுவில் தெளிந்த மாதிரி தெரியும் தண்ணீர் வெளியேறும். தெளிந்த மாதிரி தெரிகிறதே தவிர, கிருமி அதில் அப்படியே இருக்கிறது. அது உறிஞ்சு குழிக்கோ, மண்ணுக்கடியில் ஜல்லி வாய்க்காலுக்கோ போக வேண்டும். தெரு வாய்க்காலுக்குப் போகவே கூடாது.

ஐந்து பேர் வீட்டுக்கு 5 அடி நீளம், இரண்டரை அடி அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் மூன்றரை அடி போதும். 10 அடிக்கு 10 அடி கட்டிவிட்டு இருபது வருடம் திறக்காமல் இருப்பது பெருமை இல்லை. அடிவண்டல் கல்லாக இறுகி, வண்டியால் உறிஞ்ச முடியாமல் போகும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை எடுத்துவிடுங்கள். முழுதும் வழிக்காமல் கொஞ்சம் வண்டலை விட்டு வைத்தால் நுண்ணுயிர் மறுபடி பெருக உதவும்.

புது டேங்கில் சாணம், வெல்லம், செத்த கோழி போட வேண்டுமா? பாக்டீரியா பவுடர்?

கோழி வேண்டாம். ஒரு வாளி சாணக்கரைசல் ஊற்றுவதில் தப்பில்லை. ஊற்றாவிட்டாலும் சில வாரத்தில் தானே வேலை தொடங்கும். தேவையான நுண்ணுயிர் நம் வயிற்றிலிருந்தே போகிறது. பவுடருக்குச் செலவழிக்கும் பணத்தை வண்டிக்கு வைத்திருங்கள். ஆசிட் ஊற்றிக் கழுவுவதைக் குறைத்தாலே டேங்குக்குப் பெரிய உதவி.

அடைத்துக்கொண்டால் ஆள் இறக்கிச் சுத்தம் செய்யலாமா?

கூடாது. எந்தக் காரணத்துக்கும், எவ்வளவு பணம் கொடுத்தாலும், அவரே "இறங்குகிறேன்" என்று சொன்னாலும் கூடாது.

டேங்குக்குள் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும். அளவு கூடியதும் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர் இரண்டு மூச்சில் சாய்கிறார். தூக்கப் போகிற அண்ணனோ தம்பியோ அவர் மேலேயே விழுகிறார். ஒரே குழியில் இரண்டு, மூன்று உயிர் போகும் செய்திகள் எல்லாம் இப்படி வந்தவைதான். தீக்குச்சி கொளுத்திச் சோதிக்கிற பழக்கமும் வேண்டாம், மீத்தேன் பற்றிக்கொள்ளும்.

2013-ம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் ஆளைச் செப்டிக் டேங்கில் இறக்குவது குற்றம். முதல் தடவையே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலைக்குக் கூப்பிட்ட வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. எத்தனை லட்சமானாலும் அந்த வீட்டுக்கு ஆள் திரும்பி வரப்போவதில்லை. இறங்கச் சொல்லி நாம் கூப்பிடுவது எப்போதும் ஒரே தெருவிலிருந்துதான் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். இது தொழில்நுட்பக் கோளாறு மட்டும் இல்லை, சாதிக் கொடுமை.

வண்டி வந்து உறிஞ்சிப் போகிறது. அது எங்கே கொட்டுகிறது?

டிரைவரிடம் கேளுங்கள், கேட்க நமக்கு உரிமை உண்டு. பல இடங்களில் கண்மாய் ஓரத்திலோ, புறவழிச்சாலைப் பள்ளத்திலோ கொட்டிவிட்டுப் போகிறார்கள். நம் வீட்டுக் குழியிலிருந்து எடுத்து நம் கண்மாயிலேயே ஊற்ற நாமே காசு கொடுக்கிறோம்.

இதற்கென்று தனிச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழிப் பேரூராட்சியில் 2017-ல் வந்ததுதான் தமிழ்நாட்டின் முதலாவது. வண்டியில் வரும் கசடை மணல் படுகையில் உலர்த்தி, வடியும் தண்ணீரைத் தனியே சுத்தம் செய்கிறார்கள். ஒரு சின்ன ஊர் தனக்கென்று இதைக் கட்ட வேண்டியதில்லை. பக்கத்துப் பேரூராட்சியிலோ நகராட்சியிலோ இருந்தால், நம் ஊர் வண்டிகள் அங்கேதான் கொட்ட வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டு எழுதிக் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-ம் அதில் ஒன்று. இந்தப் பேச்சை எடுக்க அதைவிட நல்ல நாள் இல்லை.

எங்கள் ஊரில் இரண்டு அடி தோண்டினாலே தண்ணீர். குழி முறை எப்படி ஒத்துவரும்?

ஒத்துவராது. காவிரிக் கரை, கடைமடை, கடலோர ஊர்களுக்கு வேறு வழி வேண்டும். முசிறி வட்டாரத்தில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் 2000-களில் தரைக்கு மேலேயே அறை கட்டிய உலர் கக்கூஸ்களை நிறைய வீடுகளுக்குப் போட்டுக் கொடுத்தது. மலம் ஒரு அறைக்குள், சிறுநீர் தனிக் குழாயில், கழுவும் தண்ணீர் மூன்றாவது பக்கம். ஒவ்வொரு தடவையும் மேலே ஒரு கை சாம்பல். மலம் மண்ணுக்குள் இறங்குவதில்லை. அந்த நிறுவனத்தின் சுப்புராமனுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. வீட்டில் எல்லோரும் பழகிக்கொள்ள வேண்டும். சாம்பல் தீர்ந்தால் நாறும். சாம்பல் கிடைக்காத கேஸ் அடுப்புக் காலத்தில் மரத்தூள், சுண்ணாம்பு கலந்த மண் போடலாம்.

வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன, குழி வெட்ட ஓரடி இடமில்லை. என்ன செய்வது?

அந்தத் தெருவுக்கு மட்டும் வாய்க்கால் கட்டுங்கள். வாட்டம் சரியாக இருக்கிறதா என்று தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் வைத்து நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். எங்கள் பிள்ளையார் கோயில் திருப்பத்தில் ஒப்பந்தக்காரர் வாட்டத்தைத் தவறவிட்டார். தண்ணீர் ஏறிப் போக முடியாமல் வருடம் முழுக்க அங்கே தேங்கியது. இடித்துக் கட்ட இரண்டாவது செலவு.

வாய்க்கால் முடியும் இடத்தில், ஊருணிக்கு முன்னால், முதலில் கம்பிச் சல்லடை, பிறகு ஒரு வண்டல் தொட்டி, அதன் பிறகு செடிப் படுகை. இரண்டு அடி ஆழத்துக்கு ஜல்லி நிரப்பி, அடியில் தண்ணீர் இறங்காமல் தளம் போட்டு, கல்வாழையும் நாணலும் சம்பும் நட வேண்டும். தண்ணீர் ஜல்லிக்குள்ளேயே நகர வேண்டும், மேலே தெரியக் கூடாது. வேரையும் ஜல்லியையும் பற்றி வளரும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். கரண்ட் வேண்டாம். பார்க்கவும் பூந்தோட்டம் மாதிரி இருக்கும். ஆடு நுழையாமல் வேலி போட மறக்காதீர்கள்.

புறம்போக்கு நிலம் இருந்தால் நிலைப்படுத்தும் குட்டை வெட்டலாம். வெயிலும் பாசியும் தண்ணீரைச் சுத்தம் செய்யும். எங்கள் ஊர் முழுவதன் 60,000 லிட்டரையும் பத்து நாள் நிறுத்தி வைக்க, ஒரு மீட்டர் ஆழத்தில் 20-க்கு 30 மீட்டர் குட்டை. ஏறக்குறைய 15 சென்ட் நிலம். ஒரே குட்டையாக இல்லாமல் மூன்றாகப் பிரித்து ஒன்றிலிருந்து ஒன்றுக்கு விடுவது நல்லது. மேலத்தெருவெல்லாம் உறிஞ்சு குழி வைத்துவிட்டதால் எங்களுக்கு 5 சென்ட் போதுமானதாக ஆயிற்று.

பெட்டி மாதிரி வரும் சுத்திகரிப்பு இயந்திரத்தை வாங்கிவிட்டால் என்ன?

மோட்டார் காற்றை ஊதிக்கொண்டே இருந்தால்தான் அதற்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் உயிரோடிருக்கும். கரண்ட் பில் கட்டவும், பழுது பார்க்கவும், தினமும் கவனிக்கவும் ஆள் வேண்டும். தெருவிளக்கு பில்லுக்கே திண்டாடும் ஊராட்சி இதை நடத்த முடியாது.

பணம் எங்கிருந்து வரும்?

தூய்மை பாரத இயக்கத்தின் ஊரகப் பிரிவில், 2020-ல் தொடங்கிய இரண்டாம் கட்டம் 5,000 பேர் வரை உள்ள ஊர்களுக்குக் கழிவுநீர் வேலைக்கென ஆளுக்கு 280 ரூபாய் வரை ஒதுக்கியது. 1,600 பேருக்கு 4,48,000 ரூபாய். அதில் 30 சதவீதம் ஊராட்சியின் நிதிக்குழு மானியத்திலிருந்து. தனி வீட்டுக் கக்கூஸுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை. இப்போது எந்தத் தலைப்பில் என்ன இருக்கிறது என்பதை பி.டி.ஓ. ஆபீஸில் கேட்டு எழுதி வாங்குங்கள். கட்டுவதற்குப் பணம் கிடைத்துவிடும்; வண்டல் அள்ளுவதற்கு யாரும் தர மாட்டார்கள். அதற்கு வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று முதலிலேயே பேசி முடியுங்கள்.

இதெல்லாம் செய்தால் டெங்கு போய்விடுமா?

டெங்குக் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும். தொட்டி, டயர், தேங்காய்ச் சிரட்டையைப் பாருங்கள். சாக்கடையில் பெருகுவது கியூலெக்ஸ், யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு. அது குறையும். செப்டிக் டேங்கின் புகைக்குழாய் வாயில் ஒரு துண்டு கொசுவலையைக் கட்டுங்கள். ராத்திரி கடிக்கிற கொசுவில் நிறைய அதன் வழியாகத்தான் வெளியே வருகிறது.

ஐப்பசி மழையில் உறிஞ்சு குழி நிரம்பி மேலே வருகிறதே?

பெரும்பாலும் கூரைத் தண்ணீர் அதற்குள் விழுகிறது. ஓட்டுச்சாய்ப்பின் தண்ணீரைப் பிரித்து வேறு பக்கம் விடுங்கள், அல்லது மழைநீர்த் தொட்டிக்குத் திருப்புங்கள். குழியைச் சுற்றி முக்கால் அடி உயரத்துக்கு மண் அணைத்துக் கட்டினால் முற்றத்துத் தண்ணீர் உள்ளே ஓடாது. அப்படியும் நான்கைந்து நாள் விடாமல் பெய்தால் மண் ஊறிப்போய் இழுக்காது. அந்த நாட்களுக்கென்று எங்கள் வீட்டில் வண்டல் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு தக்கைக் குழாய் வைத்திருக்கிறோம். மழை பிடித்ததும் தக்கையைப் பிடுங்கி வாழைப் பாத்திக்குத் திருப்புவேன். மழை வெறித்து இரண்டு நாள் ஆனதும் திரும்பச் சொருகிவிடுவேன்.